வன்னி வெயிலும் மாரியும் கண்ட ஆர்கேட் போர்டு: அறிகுறி பார்த்துப் பிழை திருத்தல்

கொழும்பில் மூடிய விளையாட்டுக் கடையொன்றின் பெட்டியிலிருந்து கழற்றி வந்ததாக இருக்கட்டும், ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருக்கும் சொந்தம் பொதியில் வைத்து அனுப்பியதாக இருக்கட்டும், வன்னிக்கு வந்து சேரும் ஆர்கேட் போர்டு, அதாவது காசு போட்டு விளையாடும் பெட்டியின் மின்சுற்றுப் பலகை, பெரும்பாலும் முப்பது வயதைக் கடந்தது. அதிலுள்ள சில ஐசிகளை (சில்லுகளை) இப்போது எவரும் செய்வதில்லை. ஆகவே முதல் விதி: அளக்காமல் எதையும் சூடாக்க வேண்டாம். பழுதை விட அவசரத் திருத்தம்தான் அதிகம் போர்டுகளைக் கொல்கிறது. சந்தேகத்தின் பேரில் பத்து ஐசியைக் கழற்றினால், பழைய பழுது அப்படியே இருக்க, அறுந்த செம்புத் தடங்கள் புதுப் பழுதாகச் சேர்ந்துவிடும்.

வேண்டியவை அதிகமில்லை. நம்பக்கூடிய மல்டிமீற்றர், லொஜிக் புரோப் (ஒரு கால் உயர்வா, தாழ்வா, துடிக்கிறதா என்று காட்டும் கருவி), வெப்பம் கட்டுப்படுத்தக்கூடிய சோல்டர் அயன், 0.8 மில்லிமீற்றர் 60/40 ஈயம், ஈயம் உறிஞ்சும் செம்புப் பின்னல், ஐசோபுரோப்பைல் அல்ககோல், ஈபிரோம் (விளையாட்டின் நிரலும் படமும் எழுதிய ஐசி) வாசிக்கும் கருவி ஒன்று. ஒஸிலோஸ்கோப் இருந்தால் நல்லது. இல்லையென்று வேலையை நிறுத்தத் தேவையில்லை.

கரண்ட் கொடுக்க முதல்

போர்டின் இரண்டு பக்கத்தையும் வெளிச்சத்தில் வடிவாகப் பாருங்கள். முல்லைத்தீவுக் கரையோரம் வைத்திருந்தது என்றால் ஐசிக் கால்களில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். அது உப்புக் காற்றின் வேலை. மாங்குளம், ஒட்டுசுட்டான் பக்கம் என்றால் சோழகக் காற்றோடு வந்த செம்மண் தூசு சொக்கற்றுக்குள் இறங்கியிருக்கும். பல்லி எச்சம் விழுந்த இடத்தில் மேற்பூச்சு உரிந்து தடம் அரித்துப் போகும். குளவி இணைப்பிகளின் இடுக்கில் மண்கூடு கட்டும். மண் ஈரத்தை இழுத்து வைத்திருப்பதால் கூட்டுக்கு அடியிலுள்ள கால்கள் கறள் பிடிக்கும்.

கழுவுவதற்குக் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். வன்னியில் பல கிணறுகளின் நீர் கடினமானது. காய்ந்ததும் சுண்ணாம்புப் படிவு கால்களுக்கிடையே தங்கிவிடும். வாகன பற்றறிக்கு விடும் காய்ச்சி வடித்த நீரை வாங்குங்கள். பக்கத்திலேயே அசிட் போத்தலும் இருக்கும், லேபலை வாசித்தே எடுங்கள். மென்மையான பல் பிரஷால் தேய்த்துக் கழுவி, கடைசியாக அல்ககோல் விட்டு அலசி, நிழலில் இரண்டு நாள் நிறுத்தி வையுங்கள். வெயிலில் காயப் போடக்கூடாது. கண்ணாடி யன்னல் உள்ள ஈபிரோம்கள் நேரடி வெயிலில் ஏறக்குறைய ஒரு வாரத்தில் அழிந்துவிடும். யன்னலில் ஒட்டிய காகிதம் கழன்றிருந்தால் ஒளி புகாத புதிய ஒட்டி ஒன்றை உடனே ஒட்டுங்கள்.

விளிம்பு இணைப்பியின் விரல்களை வெள்ளை அழிறப்பரால் நீளவாக்கில் தேய்த்து அல்ககோலால் துடையுங்கள். மண்தாள் வேண்டவே வேண்டாம், பொன் பூச்சு போய்விடும்.

பிறகு மல்டிமீற்றரை ஓமில் வைத்து 5 வோல்ட் தடத்துக்கும் தரைக்கும் இடையே அளவுங்கள். நல்ல போர்டில் பத்துக் கணக்கிலிருந்து நூற்றுக் கணக்கு வரை ஓம் காட்டும். இரண்டு மூன்று ஓமுக்குக் கீழே என்றால் எங்கோ ஷோர்ட். பெரும்பாலும் குற்றவாளி, மணி போல் இருக்கும் ராண்டலம் கண்டென்சர் ஒன்று. வந்த எண்ணை எழுதி வையுங்கள், கடைசியில் தேவைப்படும்.

போர்டு எந்த வகை என்பதையும் உறுதி செய்யுங்கள். ஜம்மா என்ற 56 முனை ஒழுங்கு 1985இல்தான் வந்தது. அதற்கு முந்திய போர்டுகளை ஜம்மா பிளக்கில் பூட்டக்கூடாது. 1980இன் பக்மேன் போர்டு 44 முனை கொண்டது, மாற்று மின்னையே வாங்கித் தானே நேராக்கிக்கொள்வது. ஜம்மாவில் தரை எண் பக்கத்தில் 1, 2, எழுத்துப் பக்கத்தில் ஏ, பி. 5 வோல்ட் 3, 4, சி, டி. கழித்தல் 5 வோல்ட் 5, ஈ. 12 வோல்ட் 6, எஃப். ஏழாவது இடத்தில் திசைகாட்டும் தடுப்பு இருக்க வேண்டும். அந்தச் சிறு பிளாஸ்ரிக் துண்டு இல்லாத பிளக்கைப் பாவிக்காதீர்கள். தலைகீழாகப் பூட்டினால் 12 வோல்ட் நேரே இரு ஆட்டக்காரரின் இரண்டாம் பொத்தான் முனைகளுக்குப் போய் உள்ளீட்டு ஐசியைச் சுடும்.

அறிகுறி: எந்த அசைவும் இல்லை, திரை கறுப்பு

மின்வழங்கியிலிருந்து தொடங்குங்கள். வட அமெரிக்காவிலிருந்தோ யப்பானிலிருந்தோ வந்த மின்வழங்கி 120 அல்லது 100 வோல்ட்டுக்கு உரியது. பின்னால் 115/230 மாற்றும் சுவிட்ச் இருந்தால் பிளக் குத்த முதல் அதைப் பாருங்கள். இல்லாவிட்டால் அதை ஒதுக்கிவிட்டு 230 வோல்ட் வாங்கும் ஆர்கேட் மின்வழங்கி ஒன்றை வாங்குவதே மலிவு. கணினி மின்வழங்கி அவசரத்துக்கு உதவும், ஆனால் இரண்டு குறை. 5 வோல்ட்டைக் கூட்டிக் குறைக்க வழியில்லை, புதியவற்றில் கழித்தல் 5 வோல்ட்டும் இல்லை. கழித்தல் 5 சில போர்டுகளுக்குச் சத்தத்துக்கு மட்டும் வேண்டும். 4116 ராம் உள்ள மிகப் பழைய போர்டுகளிலோ அது இல்லாமல் கரண்ட் கொடுத்தால் ராமே போய்விடும்.

அளக்க வேண்டிய இடம் மின்வழங்கியின் திருகாணி அல்ல, போர்டில் இணைப்பிக்கு மிகத் தூரத்திலிருக்கும் ஐசி. 14 கால் ஐசியில் 14ஆம் காலுக்கும் 7ஆம் காலுக்கும் இடையே, 16 கால் ஐசியில் 16க்கும் 8க்கும் இடையே. 4.95இலிருந்து 5.10 வரை இருக்க வேண்டும். 4 அம்பியர் இழுக்கும் போர்டுக்குப் போகும் வயரிலும் இணைப்பியிலும் சேர்த்து 0.1 ஓம் இருந்தால் 0.4 வோல்ட் வழியிலேயே போய்விடும். மின்வழங்கியில் 5.05 காட்டும்போது ஐசிக்கு 4.65தான் கிடைக்கும். மெல்லிய வயரை வைத்துக்கொண்டு மின்வழங்கியின் திருகைக் கூட்டி ஈடுகட்டுவது பிழை. தடித்த வயரை, ஒரே முனையில் அல்லாமல் நான்கு முனைக்கும் பிரித்துக் கொடுங்கள். எந்த ஐசியிலும் 5.25ஐத் தாண்ட விடாதீர்கள்.

ஜெனரேற்றரில் ஓட்டுபவர்கள், மாலையில் கரண்ட் இறங்கும் லைனின் கடைசி வீடுகளில் இருப்பவர்கள், இந்த அளவை ஒரு தரம் எடுத்து விட்டுவிடாமல் விளையாட்டு ஓடும்போதும் எடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் பின்னேர இடி தொடங்கினால் சுவிட்ச்சை நிப்பாட்டுவது காணாது, பிளக்கைக் கழற்றுங்கள்.

அறிகுறி: திரை நிறைய குப்பை எழுத்து, படம் மீண்டும் மீண்டும் துள்ளுகிறது

5 வோல்ட் சரி, படமும் உண்டு, ஆனால் அர்த்தமில்லாத கட்டங்கள். செயலி நிரலை ஓட்டவில்லை என்பதே பொருள். இந்தப் போர்டுகளில் வொச்டோக் என்ற காவல் சுற்று இருக்கும். நிரல் ஒழுங்காக ஓடினால் அது குறித்த இடைவெளியில் காவல் சுற்றுக்குத் தட்டிச் சொல்லும். தட்டு நின்றால் காவல் சுற்று செயலியை மீண்டும் தொடக்கிவிடும். திரை துள்ளுவது அதனால்தான். வொச்டோக் பழுதில்லை, பழுதை அறிவிக்கும் மணி அது.

லொஜிக் புரோப்பைச் செயலியின் ரீசெற் காலில் வையுங்கள். இசட்80இல் 26, 68000இல் 18, 6809இல் 37, 6502இல் 40. நிலையாக உயர்வு என்றால் செயலி விடுபட்டிருக்கிறது. துடித்தால் வொச்டோக் அடிக்கிறது. நிலையாகத் தாழ்வு என்றால் ரீசெற் சுற்றிலேயே பிழை, அங்குள்ள சிறு கண்டென்சரையும் ரெசிஸ்டரையும் முதலில் பாருங்கள். அடுத்தது கிளொக், செயலியை நடத்தும் துடிப்பு. இசட்80இல் 6ஆம் கால், 68000இல் 15ஆம் கால். பக்மேனில் 18.432 மெகாஹேர்ட்ஸ் படிகத்தை ஆறால் வகுத்து 3.072 வரும். கிளொக் இல்லையென்றால் படிகம், அதை அடுத்த வகுக்கும் ஐசி என்று பின்னோக்கிப் போங்கள். கீழே விழுந்த போர்டில் படிகத்தின் கால் ஒடிந்திருப்பது சாதாரணம்.

இரண்டும் சரியென்றால் முகவரிக் கால்கள். இசட்80இல் 30 முதல் 40 வரையும், 1 முதல் 5 வரையும். துடிக்க வேண்டிய கால் ஒன்று உயர்வும் காட்டாமல் தாழ்வும் காட்டாமல் புரோப்பில் இருண்டு கிடந்தால் அந்தக் கோடு மிதக்கிறது. அதை ஓட்டும் 74எல்எஸ்244 அல்லது தரவுப் பக்கத்தில் 74எல்எஸ்245 இடைநிலை ஐசி செத்திருக்கலாம். புஜிட்சு முத்திரையுள்ள எம்பி74எல்எஸ் ஐசிகள் இப்படி வெளியீடு மிதந்து சாவதற்குத் திருத்துபவர்களிடையே பேர்போனவை. போர்டில் அவை இருந்தால் புரோப்பை அங்கே முதலில் கொண்டு போங்கள்.

பிறகு ஈபிரோம்கள். கழற்ற முதல் ஒவ்வொன்றினதும் இடமும் வெட்டு எந்தப் பக்கம் என்பதும் தெரியப் படமெடுங்கள். திருப்பிப் பூட்டி கரண்ட் கொடுத்த ஈபிரோம் சில நொடியில் சுட்டுச் சாகும். மெல்லிய திருப்புளியால் இரண்டு முனையிலும் மாறி மாறி ஒரு மில்லிமீற்றர் வீதம் கிளப்புங்கள். கால்கள் கறுத்திருந்தால் அழிறப்பரால் துடைத்து, வாசிக்கும் கருவியில் வைத்து, வரும் சிஆர்சி என்ற சரிபார்ப்பு எண்ணை, ஆர்கேட் விளையாட்டுகளைக் கணினியில் ஓட்டும் மேம் (MAME) நிரலின் பட்டியலோடு ஒப்பிடுங்கள். ஒரே ஈபிரோம் இரண்டு தரம் வாசிக்க இரண்டு எண் தந்தால் உள்ளடக்கம் நல்லதாயிருக்கலாம், கால் தொடுகைதான் கெட்டது. கறள் தின்ற கால் உடைந்தால் எறியாதீர்கள். உடலோடு மிஞ்சிய நுனியைச் சுரண்டி, துல்லிய வகைச் சொக்கற் ஒன்றின் மேல் உட்கார்த்தி ஈயம் வைத்தால் வாசிக்கும். வாசித்ததைச் சேமித்துப் புதியதில் எழுதுங்கள். எழுதும்போது வகையைப் பாருங்கள். 2716க்கு 25 வோல்ட், 2764க்கு 21, 2764ஏக்கு 12.5. மாறி எழுதினால் ஐசி போகும்.

சொக்கற்றையும் நம்ப வேண்டாம். நம் பக்கம் அகப்படும் போர்டுகளில் கள்ளப் பிரதிகள் நிறைய, அவற்றில் காலை ஒரு பக்கம் மட்டும் பிடிக்கும் மலிவுச் சொக்கற்தான் இருக்கும். அதை மாற்றினாலே உயிர் வருவது உண்டு. கள்ளப் பிரதி என்று இகழ்ந்து ஒதுக்கவும் வேண்டாம். தனிச்சிறப்பு ஐசிகள் இல்லாமல் கடையில் கிடைக்கும் 74 வரிசையால் கட்டியவை பல. திருத்தப் பழகுவதற்கு அதைவிட நல்ல போர்டு இல்லை.

கடைசியில் ராம். 2114, 6116 இரண்டும் அடிக்கடி சாகும். பக்கத்திலுள்ள தன் இனத்தை விட ஒன்று மட்டும் விரல் வைக்க முடியாமல் சுட்டால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். கரண்டை நிப்பாட்டி, நல்ல ஐசியொன்றை அதன் முதுகில் காலோடு கால் பொருந்த அமர்த்தி, மீண்டும் கரண்ட் கொடுத்துப் பார்க்கும் முறை உண்டு. அதைச் சரியாக விளங்கிக்கொள்ளுங்கள். கீழே உள்ளது வாய் திறவாமல் செத்திருந்தால்தான் மேலுள்ளதன் பேச்சு கேட்கும். கீழே உள்ளது கோட்டை உயர்விலோ தாழ்விலோ பிடித்து வைத்திருந்தால் எந்த மாற்றமும் தெரியாது. ஆகவே மாற்றம் வந்தால் பழுது உறுதி, வராவிட்டால் ஐசி நல்லதென்று எடுக்கக்கூடாது.

அறிகுறி: விளையாட்டு ஓடுகிறது, உருவங்கள் சிதைந்திருக்கின்றன

இது செயலி நலமாக இருப்பதற்கான சாட்சி. அந்தப் பக்கம் கை வைக்காதீர்கள். சிதைவு எதோடு சேர்ந்து நகர்கிறது என்று ஆறுதலாகப் பாருங்கள், பாதி விடை அதில் கிடைக்கும்.

வீரன் எங்கே போனாலும் அவன் உடம்பில் அதே இடத்தில் கோடு விழுந்தால் உருவப்படம் வைத்திருக்கும் ரோம், அல்லது அதன் ஒரு தரவுக் கோடு. திரையின் ஒரே இடத்தில் கோடு நின்று உருவங்கள் அதைக் கடந்து போனால் படம் அடுக்கும் ராம், அல்லது அதற்கு முகவரி மாற்றிக் கொடுக்கும் 74எல்எஸ்157. பின்னணி சரி, நகரும் உருவங்களில் மட்டும் ஒன்றுவிட்டு ஒரு வரி இல்லை என்றால் வரி ராம். இரண்டு வரி ராம்கள் மாறி மாறி வேலை செய்யும், ஒன்று செத்தால் பாதி வரி போகும். எழுத்துகள் தெளிவாக, ஆனால் வேறு எழுத்துகளாக வந்தால் எழுத்துருவ ரோம் நல்லது, எந்த எழுத்து என்று சொல்லும் ராமில் ஒரு பிட் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இரண்டு மூன்று அடுக்குப் போர்டுகளில் இந்தச் சிதைவு அடுக்குகளை இணைக்கும் இடைநாடாவாலும் வரும். ஓடும்போது நாடாவை மெல்ல அசைத்துப் பாருங்கள். படம் மாறினால் ஐசி தேடும் வேலை மிச்சம்.

அறிகுறி: ஒரு நிறம் இல்லை, அல்லது படம் உருள்கிறது

ஜம்மாவில் சிவப்பு 12, பச்சை எழுத்துப் பக்கத்து N, நீலம் 13, படத்தை ஓரிடத்தில் நிறுத்தும் சிங்க் எழுத்துப் பக்கத்தில் 13ஆம் எண்ணுக்கு நேர் எதிரே உள்ள P, படத்தின் தரை 14. சிவப்பு இல்லையென்றால் சிவப்பு வயரையும் பச்சை வயரையும் மாற்றிக் கொடுங்கள். இப்போது பச்சைக்குரிய படம் சிவப்பாகத் தெரிந்தால் திரை நல்லது, பழுது போர்டில். இணைப்பியிலிருந்து உள்ளே போனால் ரெசிஸ்டர் வரிசை, டிரான்சிஸ்டர், 74எல்எஸ்273 போன்ற பிடிப்பு ஐசி என்று அதிகம் போனால் மூன்று நிறுத்தம்தான்.

உருளும் படத்துக்குப் பெரும்பாலும் திரையின் பக்கமே காரணம். இந்தப் போர்டுகள் நொடிக்கு ஏறக்குறைய 15,700 வரி வீதம் அனுப்பும். கணினித் திரை அதை நேரே வாங்காது. ஜிபிஎஸ்-8200 போன்ற மாற்றி ஒன்று இடையில் வேண்டும், சிங்க் வயரில் 470 ஓம் ரெசிஸ்டர் தொடராக வையுங்கள். ஐரோப்பாவிலிருந்து வந்த, ஸ்கார்ட் என்ற இணைப்பி உள்ள பழைய ரிவி கிடைத்தால் நிறங்கள் அழகாக வரும். ஆனால் ஜம்மா நிற வயர்களின் வோல்ட் ஸ்கார்ட்டின் 0.7 ஐ விடக் கூட, குறைத்தே கொடுக்க வேண்டும். ஸ்கார்ட் இல்லாத ரிவியைத் திறந்து உள்ளே வயர் இழுப்பது ஆபத்து. பல ரிவிகளின் உட்சட்டம் 230 வோல்ட்டோடு நேரே தொடர்புடையது, படக்குழாயின் முனையில் இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கும்.

அறிகுறி: சத்தம் இல்லை, இரைச்சல், கரகரப்பு

12 வோல்ட்டை அளவுங்கள். சத்தம் பெருக்கும் ஐசிக்கு அது வேண்டும். இருந்தால், சத்தத்தைக் கூட்டும் குமிழின் நடுக்காலை உலோகத் திருப்புளியால் தொடுங்கள். பேச்சுப்பெட்டியில் 'உம்' என்று கேட்டால் பெருக்கி உயிரோடு இருக்கிறது, பழுது அதற்கு முன்னால். கேட்காவிட்டால் பெருக்கி ஐசியும் அதன் அருகிலுள்ள 220, 470, 1000 மைக்ரோபாரட் கண்டென்சர்களும். வன்னிச் சூட்டில் மின்பகுபொருள் கண்டென்சர்கள் உலர்ந்துபோகும், இவற்றை மட்டும் கூண்டோடு மாற்றுவது நியாயம். 16 வோல்ட்டுக்குப் பதில் 25 வோல்ட், 105 பாகை வகை போடுங்கள்.

இசை இல்லை, அடி உதைச் சத்தம் மட்டும் உண்டு என்றால் பார்க்க வேண்டியது இசை ஐசியான வைஎம்2151ம் அதன் எண்ணை ஒலியாக்கும் வைஎம்3012ம். இணையத்தில் மலிவாக விற்கும் வைஎம்3012களில் பேர் மாற்றி அச்சடித்தவை உண்டு. சொக்கற் வைத்தே பூட்டுங்கள். பேச்சுப்பெட்டியின் கழித்தல் வயரைத் தரையோடு சேர்க்காதீர்கள். சில போர்டுகளில் இரண்டு வயரும் பெருக்கியால் ஓட்டப்படுபவை, சேர்த்தால் பெருக்கி போகும்.

அறிகுறி: பத்து நிமிடம் நன்றாக ஓடி நின்றுவிடுகிறது

சித்திரை, வைகாசியில் தகரக் கூரையின் கீழ் இந்த முறைப்பாடு கூடும். கரண்டை நிப்பாட்டி ஆறவிடுங்கள். கடதாசி மட்டையில் ஐசி அளவுக்கு ஒரு துளை வெட்டி, விளையாட்டை மீண்டும் ஓடவிட்டு, அதன் வழியே தலைமுடி உலர்த்தியால் ஒவ்வொரு பகுதியாகச் சூடாக்குங்கள். எந்தத் துளையில் விளையாட்டு நிற்கிறதோ அந்த ஐசி. சூடு அல்ல, விரலால் அழுத்தினால் நிற்கிறது என்றால் ஈய மூட்டு வெடித்திருக்கிறது. இணைப்பிக் கால்கள், பெரிய கண்டென்சர் கால்களைச் சுற்றி மெல்லிய வளையம் தெரியும். திருத்திய பிறகும் 12 வோல்ட் கணினி விசிறி ஒன்றைப் பெட்டியில் வைப்பது நல்லது.

அறிகுறி: பல வருடம் ஓடியது, இன்று ஒரே நிறத் திரை

கப்கொமின் சிபிஎஸ்-2 போர்டுகள் 1993இலிருந்து வந்தவை. நிரலைப் பூட்டி வைத்து, அதைத் திறக்கும் சாவியை 3.6 வோல்ட் லிதியம் பற்றறியின் தயவில் இருக்கும் ராமில் வைத்திருக்கின்றன. பற்றறி செத்தால் சாவி போகும், ஒரே நிறத் திரைதான் மிஞ்சும். இப்போது அந்தச் சாவியைத் திரும்ப எழுத வழி கண்டுபிடித்திருக்கிறார்கள், சிறு ஆர்டுயினோ கருவி போதும். ஆகவே இப்படிச் செத்த போர்டைக் குப்பை விலைக்குக் கொடுத்துவிடாதீர்கள். உயிரோடு உள்ளதில் பற்றறியை வருடத்துக்கு ஒரு தரம் அளந்து, 3.3க்குக் கீழே போனால் தாமதிக்காமல் மாற்றுங்கள். பற்றறி இல்லாமல் சில நிமிடம் தாங்கும். புதியதன் கால்களுக்கு முன்கூட்டியே ஈயம் பூசி, அயனைச் சூடாக்கிய பின் அயனின் பிளக்கைக் கழற்றிவிட்டு வைக்க வேண்டும். நம் ஊரில் முஸ்தபா என்றே எல்லோரும் சொல்லும் 1993ஆம் ஆண்டு விளையாட்டின் (காடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ்) அசல் போர்டிலும் சத்தப் பகுதிச் செயலிக்கு இதே போலப் பற்றறிக் காவல் உண்டு.

நியோ ஜியோ போர்டின் நிக்கல் காட்மியம் பற்றறி வேறு மாதிரிக் கொல்லும், அது கசியும். கசிந்தது காரம். வெட்டி எடுத்துவிட்டு, வினாகிரியில் நனைத்த பஞ்சால் துடைத்து, வடித்த நீரால் கழுவி, அல்ககோல் விடுங்கள். பிறகு ஒவ்வொரு தடத்தையும் மல்டிமீற்றரால் தொட்டுத் தொடர்ச்சி பாருங்கள்.

ஐசியை மாற்றியே ஆக வேண்டுமென்றால்

பழுது உறுதியான ஐசியை முழுசாகக் காப்பாற்ற முயல வேண்டாம். காப்பாற்ற வேண்டியது போர்டு. கால்களை உடலோடு ஒட்ட வெட்டி, 340 பாகையில் ஒவ்வொரு காலாகச் சூடாக்கி இடுக்கியால் எடுங்கள். துளையை முதலில் புது ஈயம் விட்டு நனைத்து, பிறகு பின்னலால் உறிஞ்சுங்கள். வராவிட்டால் இழுக்காதீர்கள், இன்னும் கொஞ்சம் ஈயம் விடுங்கள். தரைத் தடத்தோடு சேர்ந்த கால் சூட்டை உறிஞ்சும், அதற்குக் கூட நேரம் வேண்டும்.

மாற்று ஐசிக்குக் கொழும்புப் புறக்கோட்டை வரை போக முதல் உங்கள் கழிவுப் பெட்டியைப் பாருங்கள். பொருளாதாரத் தடைக் காலத்தில் சைக்கிள் டைனமோவில் வானொலி கேட்ட மண் இது. செத்த போர்டிலிருந்து நல்ல 74எல்எஸ் கழற்றிச் சேர்ப்பது இங்கே எவருக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

சொக்கற் பூட்டி, புதிய ஐசி வைத்ததும், பக்கத்துக் கால்களுக்கிடையே ஈயப் பாலம் இல்லையென்று பாருங்கள். 5 வோல்ட்டுக்கும் தரைக்கும் இடையே மீண்டும் ஓம் எடுங்கள். முதலில் எழுதி வைத்த எண்ணுக்குக் கிட்ட வந்தால் மட்டும் கரண்ட் கொடுங்கள்.